பத்தரை மணிக்கு நின்றுவிடும் வயிற்றுவலி

ஞாயிற்றுக்கிழமை மாலை வரை தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன், விளக்கு வைக்கும் நேரத்தில் பேச்சைக் குறைத்துக்கொள்கிறான். இரவு ஒரு தோசைக்கு மேல் அவனுக்கு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். "எந்திரி கண்ணு, வேன் வந்துரும்" என்று அம்மா இரண்டு முறை கெஞ்சிப் பார்க்கிறார். அப்பா கதவருகில் நின்று குரலை உயர்த்துகிறார். "பையனுக்குக் கண்ணு பட்டிருக்கும், இன்னைக்கு ஒரு நாள் விடுங்க" என்று அப்பத்தா குறுக்கே வருகிறார். ஏழு நாற்பதுக்கு வேன் வாசலில் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுகிறது. பத்தரை மணிக்கு அதே பையன் நாலு இட்லியைச் சாப்பிட்டு முடித்து, டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். வேலையிடத்திலிருந்து போன் செய்த அப்பா இதைக் கேட்டுவிட்டு, "பாத்தியா, அத்தனையும் நடிப்பு" என்கிறார்.

அது நடிப்பு அல்ல. பயம் வந்தவுடன் மூளை உடம்பைத் தப்பி ஓடத் தயார்ப்படுத்துகிறது. அட்ரினலின் கூடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, செரிமானத்துக்குப் போகவேண்டிய ரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. குடலைச் சுற்றி நரம்புகள் அடர்ந்து கிடப்பதால் இந்த மாற்றம் முதலில் அங்கேதான் வலியாகவும் குமட்டலாகவும் அடிக்கடி கழிப்பறைக்குப் போகும் உந்துதலாகவும் தெரிகிறது. வேன் போனதும் ஆபத்து நீங்கிவிட்டதாக உடம்பு எடுத்துக்கொள்கிறது. வலியும் உண்மையாகவே நின்றுவிடுகிறது. ஆகையால் வலி மெய்யா பொய்யா என்று வீட்டில் நடக்கும் விசாரணை எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் பயன் தராது. வலி இருந்தது, பிறகு போய்விட்டது. அது போன விதத்தில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது.

நம் பேச்சில் பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு இருக்கும் சொற்கள் எல்லாமே குற்றச்சாட்டுகள்: மட்டம் போடுகிறான், கட் அடிக்கிறான், ஏமாற்றுகிறான். ஆனால் மட்டம் போடுகிறவன் சீருடையோடு வீட்டை விட்டுக் கிளம்பி, வீட்டுக்குத் தெரியாமல் வேறெங்கோ பொழுதைக் கழிப்பவன். பயத்தால் மறுக்கும் பிள்ளை வீட்டுக்குள்ளேயே, பெற்றோரின் கண்ணெதிரிலேயே இருக்கிறது. பெரும்பாலும் படிப்பில் அக்கறை உள்ளதாகவும் இருக்கிறது. இந்த வேறுபாட்டை 1932இல் அமெரிக்காவில் இஸ்ரா பிராட்வின் கவனித்து எழுதினார். 1941இல் அடிலெய்ட் ஜான்சனும் உடன் பணியாற்றியவர்களும் இதற்குப் 'பள்ளி அச்சம்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் பள்ளியைவிட அம்மாவைப் பிரிவதே இந்தக் குழந்தைகளின் பயம் என்பது அவர்களின் வாதம். 1969இல் பிரிட்டனின் இயான் பெர்க் அடையாளங்களை வரையறுத்தார்: பள்ளிக்குப் போவதில் கடும் சிரமம், போகச் சொன்னால் பெரும் கலக்கம், பெற்றோருக்குத் தெரிந்தே வீட்டில் இருத்தல், திருட்டு பொய் போன்ற நடத்தைச் சிக்கல்கள் இல்லாமை. இன்று மனநலத் துறையில் வழங்கும் சொல் 'பள்ளி மறுப்பு'. மனநல மருத்துவக் கையேடுகளில் இது தனி நோயாகப் பட்டியலிடப்படவில்லை. காய்ச்சலைப் போல இது ஓர் அறிகுறி; அடியில் பிரிவுப் பதற்றமோ, நாலு பேர் முன்னால் நிற்கும் கூச்சமோ, மனச்சோர்வோ, யாரும் கண்டுபிடிக்காத கற்றல் குறைபாடோ இருக்கலாம்.

காய்ச்சலோடு ஒப்பிட்டாலும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்த அறிகுறி தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளக்கூடியது. வேன் போனதும் பையனுக்குக் கிடைத்த நிம்மதி, ஒரு வெகுமதியைப் போல வேலை செய்கிறது. போகாமல் இருந்தால் வலி நிற்கும் என்பதை மூளை ஒரே காலையில் கற்றுக்கொள்கிறது. செவ்வாய்க்கிழமை அதே பாடம் இன்னும் ஆழமாகப் பதிகிறது. புதன்கிழமைக்குள் விட்டுப்போன பாடங்கள், எழுதாத வீட்டுப்பாடம், "ஏன்டா வரல?" என்று கேட்கப்போகும் நண்பர்கள் எனப் புதிய பயங்கள் பழைய பயத்தின் மேல் ஏறிக்கொள்கின்றன. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், எதற்காக முதல் நாள் போகவில்லையோ அந்தக் காரணம் காணாமலே போயிருக்கும். போகாமல் இருந்ததே போக முடியாததற்குக் காரணமாகியிருக்கும். பெற்றோர் பலர் "ஏன் போகமாட்டேங்கிற?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியாது. இழுத்துப் பிடித்துக் கேட்டால் ஒன்றைச் சொல்லும்; அடுத்த வாரம் வேறொன்றைச் சொல்லும்; உடனே பொய்யன் என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும்.

நெவாடா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கியர்னி 1990இல் வெண்டி சில்வர்மனோடு சேர்ந்து கேள்வியையே மாற்றியமைத்தார். ஏன் வரவில்லை என்று கேட்பதற்குப் பதிலாக, வராமல் இருப்பதால் இந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கச் சொன்னார். அவர் வகுத்த விடைகள் நான்கு. பதற்றமோ மனவாட்டமோ தரும் இடங்களிலிருந்தும் பொருள்களிலிருந்தும் விலகல். பிறர் எடைபோடும் தருணங்களிலிருந்து தப்பித்தல். அம்மா அப்பாவின் அருகாமையைப் பெறுதல். பள்ளிக்கு வெளியே இருக்கும் இன்பத்தை அடைதல். ஒரே பிள்ளையிடம் இரண்டு மூன்று கலந்தும் இருக்கலாம். முதலில் நிம்மதிக்காக வீட்டில் தங்கிய பையன், மூன்றாவது வாரம் போனுக்காகவும் தங்கத் தொடங்குவது மிகச் சாதாரணம்.

முதல் வகையை நம் ஊரில் தேடுகிறவர்கள் கழிப்பறையிலிருந்து தொடங்கலாம். தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், அடக்கிக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருப்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளை: இதை எந்த மனநலக் கேள்வித்தாளும் கேட்பதில்லை, பிள்ளைகளும் வெட்கத்தால் சொல்வதில்லை. மாதவிடாய் தொடங்கிய ஆறாம், ஏழாம் வகுப்பில் மாதத்துக்கு மூன்று நாள் என்று ஆரம்பிக்கும் விடுப்பு பிறகு நீள்வதை ஆசிரியைகள் பலர் அறிவார்கள். இரண்டாம் வகைக்கு நம் வகுப்பறைகள் வஞ்சனையில்லாமல் இடம் தருகின்றன. மனப்பாடச் செய்யுளை எழுந்து நின்று ஒப்பிப்பது, விடைத்தாளை மதிப்பெண்ணைப் படித்துக்கொண்டே கொடுப்பது, மதிப்பெண் வரிசைப்படி இருக்கை மாற்றுவது, ஆங்கிலத்தில் மட்டுமே பேசவேண்டும் என்ற கட்டளை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையை மட்டுமல்லாமல் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. பிரம்பு குறைந்திருக்கலாம், நாக்கு குறைந்ததாகச் சொல்ல முடியாது.

இது தலைதூக்கும் வயதுகளும் ஓரளவு தெரிந்தவையே. முதன்முதலாகப் பள்ளியில் சேரும் ஐந்து, ஆறு வயது. நடுநிலைக்குப் போகும் பத்து, பதினொன்று. பிறகு வளரிளம் பருவத்தில் பள்ளி மாறும் நேரங்கள். தமிழ்நாட்டில் இவற்றுள் கடுமையானது பதினோராம் வகுப்பு என்பது என் எண்ணம். அதுவரை தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கில வழிக்கு மாறுகிறது. வீட்டில் இருந்த பிள்ளை உறைவிடப் பள்ளி விடுதிக்குப் போகிறது. ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணி வரை படிக்கும் அட்டவணைக்குள் ஒரே வாரத்தில் தள்ளப்படுகிறது. பத்தாம் வகுப்பில் பள்ளி முதலிடம் வந்தவர் அங்கே நாற்பது முதலிடங்களில் ஒருவர். 2017-18இல் வந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26இல் விலக்கப்பட்டதால் ஒரு சுமை குறைந்திருக்கிறது. இடம்பெயர்வின் சுமை அப்படியேதான் இருக்கிறது.

இதற்கெல்லாம் மேலாக ஒரு பெரிய சோதனையை நாம் அறியாமலே நடத்திப் பார்த்தோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை வகுப்பறையை முதன்முதலில் பார்த்தபோது அது இரண்டாம் வகுப்பில் இருந்தது. அம்மாவைப் பிரியப் பழகவேண்டிய வயது முழுவதும் அம்மாவின் பக்கத்திலேயே கழிந்திருந்தது. ஜப்பான் ஆண்டுக்கு 30 நாளோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளைத் தனியாகக் கணக்கெடுக்கிறது. 2023ஆம் கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மட்டும் அந்த எண்ணிக்கை 3,46,482. நம் வருகைப் பதிவேட்டில் வந்தார், வரவில்லை என்ற இரண்டே குறிகள்தான். பயத்தால் வராதவருக்கும் அம்மை போட்டு வராதவருக்கும் ஒரே குறி.

பள்ளிக்குத் திரும்ப அனுப்பும் வழிகளைச் சொல்லுமுன் நிற்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. சில பிள்ளைகளின் பயம் மிகையல்ல, துல்லியமான கணிப்பு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர், உடன் படித்தவர்களின் துன்புறுத்தலால் சில நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தார். பள்ளியிலிருந்து காரணம் கேட்டபோது சொன்னார். அதன் பிறகு வீடு புகுந்து அவரையும் அவர் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அந்த மாணவரைப் 'பயத்தை எதிர்கொள்' என்று அனுப்பியிருந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது? அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. அறிக்கை 2024 ஜூனில் அளிக்கப்பட்டது. சாதிவெறி, பாலியல் சீண்டல், கும்பலாகச் சேர்ந்து ஒருவரை வதைத்தல் ஆகியவை காரணமாக இருக்கும்போது மாறவேண்டியது பிள்ளை அல்ல. பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் பெற்றோருக்கும் அதில் விலக்கு கிடையாது. ஆகவே எந்தத் திட்டத்துக்கும் முதல் படி, பிள்ளையிடம் தனியாக, காலை நேரத்தில் அல்லாமல், யாராவது அடிக்கிறார்களா, தொடுகிறார்களா, பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களா என்று குறிப்பாகக் கேட்பது. பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும்.

அடுத்தது குழந்தை மருத்துவரை ஒரு முறை பார்ப்பது. எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், மலத்தில் ரத்தம், சனி ஞாயிறுகளிலும் விடாத வலி ஆகியவை இருந்தால் உடல்நோயைத் தேடத்தான் வேண்டும். பள்ளி நாட்களில் வந்து விடுமுறையில் மறையும் வலி பெரும்பாலும் வேறு வகை. ஒரு முறை பார்த்து ஒன்றுமில்லை என்றான பிறகு இரண்டாவது ஸ்கேனுக்கும் மூன்றாவது மருத்துவருக்கும் அலைவது, உனக்குள் ஏதோ இருக்கிறது என்று பிள்ளைக்கு நாமே எழுதிக் கொடுக்கும் சான்றிதழ். மந்திரித்துக் கயிறு கட்டுவதைக்கூட நான் அவ்வளவாகக் குறை சொல்லமாட்டேன். கட்டிய மறுநாள் பள்ளிக்கு அனுப்பினால் சரி.

திரும்ப அனுப்புவது எப்படி என்பதில் வீடுகள் இரண்டு துருவங்களுக்கிடையே ஊசலாடுகின்றன: முதல் நாள் கெஞ்சல், மூன்றாம் நாள் அடி, நான்காம் நாள் குற்ற உணர்ச்சியில் பிரியாணி. இந்த ஊசலாட்டமே பயத்துக்கு நல்ல உரம். துறையில் பலன் கண்ட வழி படிப்படியாகப் பழக்குவது. பயம் உச்சத்துக்கு ஏறினாலும், தப்பி ஓடாமல் அதே இடத்தில் இருந்தால், நேரம் போகப்போகத் தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தைப் பிள்ளை தன் உடம்பில் உணரவேண்டும் என்பதுதான் இந்த முறையின் உயிர். எனவே படிகள் தாங்கக்கூடிய அளவில் இருக்கவேண்டும், ஏறிய படியிலிருந்து இறங்கக்கூடாது.

மேலே சொன்ன ஏழாம் வகுப்புப் பையனுக்கு அந்தப் படிகள் எப்படி இருக்கும்? முதல் இரண்டு நாள் காலை ஆறரைக்கு எழுந்து, குளித்து, சீருடை போட்டு, டையும் கட்டி, பையை எடுத்து வைத்து, பள்ளி நேரம் முழுவதும் வீட்டில் மேசை முன்னால் பாடம். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, பெரியப்பாவோ சித்தப்பாவோ வண்டியில் கூட்டிப்போய்ப் பள்ளிக்குள் ஒரு சுற்று நடந்து, தன் வகுப்பின் தன் பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவது. அடுத்த நாள் காலை முதல் மணிக்குப் போய் நூலகத்திலோ அலுவலகத்திலோ ஒரு பாடவேளை. அதற்கடுத்து, பிடித்த ஆசிரியரின் வகுப்பு ஒன்று மட்டும். பிறகு மதியச் சாப்பாடு வரை. பிறகு முழு நாள். இதற்கு இரண்டு வாரம் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். கொண்டுபோய் விடுபவர், பிள்ளை யாரைக் கட்டிக்கொண்டு அழுகிறதோ அவராக இல்லாமல் இருப்பது நல்லது. விட்டுவிட்டு உடனே கிளம்பவேண்டும்; ஜன்னலருகே நின்று கையசைத்தால் பிரிவு இன்னும் கொஞ்ச நேரம் நீள்வதுதான் மிச்சம். மத்தியானம் வயிறு வலிக்கிறது என்று பள்ளியிலிருந்து போன் வந்தால், காய்ச்சலோ வாந்தியோ இல்லாத வரை கூட்டிவரக்கூடாது. பத்து நிமிடம் தனியறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்ப ஆசிரியரோடு முன்பே பேசி வைத்திருக்கவேண்டும்.

போகாத நாட்களில் வீடு எப்படி இருக்கிறது என்பதும் பாதி மருந்து. வீட்டில் இருப்பது தண்டனையாக இருக்கவேண்டியதில்லை, ஆனால் சப்பென்று இருக்கவேண்டும். போன் இல்லை, டிவி இல்லை, மாலை நாலு மணி வரை கடைக்குக்கூட அழைத்துப்போவதில்லை. காலையில் அறிவுரை, வாக்குவாதம், "கலெக்டர் ஆகணும்னு சொன்னியே" போன்ற நினைவூட்டல்கள் எதுவும் வேண்டாம். "வலிக்குதுன்னு தெரியும் கண்ணு. இருந்தாலும் இன்னைக்கு நூலகம் வரைக்கும் போயிட்டு வந்துருவ" என்று ஒரு வாக்கியம் போதும்: வலியை ஒப்புக்கொண்டாகிவிட்டது, போவதையும் முடிவு செய்தாகிவிட்டது. கூட்டுக் குடும்பத்தில் இதை நடத்துவது கடினம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. அப்பா ஒன்று சொல்லி, அப்பத்தா முந்தானையில் முடிந்த பத்து ரூபாயோடு வேறொன்று சொன்னால் பிள்ளை எந்தப் பக்கம் சாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே முந்தின இரவே பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரே குரலில் நிற்கவேண்டும்.

பெற்றோர் மாறினால் பிள்ளையின் பயம் மாறுமா என்ற சந்தேகத்துக்கு யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் குழு நேரடியாக விடை தேடியது. பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 14 வயது வரையிலான 124 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவில் குழந்தைகளுக்கு வழக்கமான மனச் சிகிச்சையும், மற்றதில் பெற்றோருக்கு மட்டும் 12 வாரப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2020இல் வெளியான முடிவில், சிகிச்சையாளரைச் சந்திக்காத பிள்ளைகளும் சந்தித்தவர்கள் அளவுக்கே தேறியிருந்தார்கள். பெற்றோருக்குக் கற்றுத்தரப்பட்டது இரண்டுதான்: பிள்ளையின் கஷ்டத்தை மதித்துப் பேசுவது, அந்தக் கஷ்டத்துக்காக வீட்டின் நடைமுறையை வளைத்துக் கொடுப்பதைக் குறைப்பது. எங்கள் வீட்டுப் பிள்ளை மருத்துவரிடம் வரவே மாட்டேன் என்கிறது என்று கைவிட்ட பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும்.

பதினைந்து, பதினாறு வயதில் கணக்கு மாறுகிறது. மீசை முளைத்த பையனைத் தூக்கி வண்டியில் உட்காரவைக்க முடியாது, முயல்வது ஆபத்தும்கூட. இந்த வயதில் மறுப்பின் அடியில் மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பு அதிகம். விடியற்காலை மூன்று மணிக்குத் தூங்கி மதியம் எழுவது, குளிப்பதையும் நண்பர்களையும் விட்டுவிடுவது, 'நான் இருந்து என்ன' என்பது போன்ற பேச்சு ஆகியவற்றைச் சோம்பல் என்று ஒதுக்காமல் அந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். படிகளை அவர்களே எழுதவேண்டும். பெரியவர்கள் பேரம் பேசலாம், ஆணையிட முடியாது. விடுதி தாங்கவில்லை என்றால் பகல்நேர மாணவராக மாறுவதையும், எடுத்த பாடப்பிரிவு பொருந்தவில்லை என்றால் வேறு பிரிவுக்குப் போவதையும் தோல்வியாகப் பார்க்காத வீடுகளில் சிக்கல் விரைவில் அவிழ்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் டி.சி.யே மருந்து என்று நினைத்து ஆண்டுக்கொரு பள்ளி மாற்றினால், பயமும் அந்த டி.சி.யோடு சேர்ந்து புதுப் பள்ளிக்கு வந்துவிடும்.

மாத்திரை பற்றி ஓரிரு வரிகள். 2008இல் அமெரிக்காவில் வெளியான, பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வாரத்தில் மனச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினரும், செர்ட்ராலின் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினரும், இரண்டும் பெற்றவர்களில் 81 சதவீதத்தினரும் நன்கு தேறினார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24 சதவீதம். கடுமையான பதற்றத்துக்கு மாத்திரை உதவும், மனநல மருத்துவரின் கண்காணிப்பில் மட்டும்.

எஞ்சியிருப்பது பள்ளி. பத்து நாள் கழித்து வகுப்புக்குள் நுழையும் பிள்ளையைப் பார்த்து, "வாங்க சார், வழி தெரிஞ்சுதா?" என்று ஆசிரியர் கேட்க, நாற்பது பேர் சிரிக்கும் அந்த மூன்று வினாடி, வீட்டில் இரண்டு வாரம் கட்டியதை இடித்துவிடும். ஆசிரியர் கெட்டவர் அல்லர். நகைச்சுவையாக வரவேற்றதாகவே அவர் நினைக்கிறார். வரும் நாளை முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொல்லி, காரணம் கேட்காமல் "உட்காரு" என்பதோடு நிறுத்தச் சொல்வதும், விட்டுப்போன நோட்டுகளை எழுத ஒரு மாதம் அவகாசம் வாங்குவதும், வாயிலில் கூட்டிப்போக ஒரு நண்பனை ஏற்பாடு செய்வதும் பெற்றோரின் வேலை. சி.பி.எஸ்.இ. பள்ளியென்றால் 75 சதவீத வருகை விதி இருக்கிறது. மருத்துவர் கடிதத்தை ஆண்டு முடிவுக்குக் காத்திராமல் அப்போதே கொடுத்து வைப்பது நல்லது. உதவிக்கு மாநிலப் பள்ளிக்கல்வி உதவி எண் 14417, மனநலத்துக்கு டெலி-மானஸ் 14416, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

தேறிய பிள்ளைக்கும் பொங்கல் விடுமுறை, காலாண்டு விடுமுறை, ஜூன் மாதத் திறப்பு ஆகிய மூன்றும் வழுக்கும் இடங்கள். பத்து நாள் வீட்டில் இருந்த நிம்மதி பழைய பாடத்தை நினைவூட்டிவிடும். அதனால் திறப்பதற்கு நான்கு நாள் முன்பே எழும் நேரத்தைப் பழையபடி ஆறரைக்குக் கொண்டுவந்து, புது நோட்டுகளுக்குப் பழுப்புக் காகித அட்டை போடும் வேலையை அவனிடமே கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை மாலை முடி வெட்டிக்கொண்டு வரும் வழியில் பள்ளி வாசல் வரை வண்டியை ஓட்டிப்போய்த் திரும்பினால், திங்கட்கிழமை ஏழு நாற்பதுக்கு அவன் வயிறு வலிக்கத்தான் செய்யும். வேன் ஹாரன் அடிக்கும்போது ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பான்.